புளியாமற் காக்கும் பூ

மலர்க்குழுவினர் என்னையும் ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் பழஞ்செய்யுளொன்றின் நயத்தையோ, சைவமுந் தமிழுந் தழைத்த வரலாற்றையோ எழுதுவேனென்றே எதிர்பார்த்திருப்பர். இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே, பியர் என்னும் மதுவுக்குப் பூத்தெரிந்த கதையைத் தமிழ் வாத்தியார் எழுதுவது பொருந்துமோ எனப் பலநாள் தயங்கினேன். நான் மதுவைத் தொட்டவனல்லேன். இனித் தொடும் எண்ணமும் இல்லை. என் தந்தையார் மதுவிலக்குக் கூட்டங்களிற் பேசிய மனிதர். ஆயினும் எழுதாமலிருக்க இயலவில்லை. இக்கதை எங்கள் வகுப்பறையிலே தொடங்குகிறது. அதனைத் தொடக்கிவைத்தவனும் நானே.

1992ஆம் ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். அக்காலத்து யாழ்ப்பாணத்தை இன்றைய மாணவர் அறியார். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைத்தற்கரிய பண்டங்களாயின. பனம்பழத்தைப் பிசைந்து அக்களியிலே சட்டை தோய்த்தோம். தோய்த்ததைக் கொடியிற் போட்டுவிட்டுக் காவலிருத்தல் வேண்டும். இல்லையேல் மணத்துக்கு வந்த மாடு சட்டையைச் சப்பிவிடும். இவ்வாறு பனை மணக்குஞ் சட்டைகளோடு வாங்குகளில் அமர்ந்திருந்த நாங்கள், எங்களுள் ஒருவனைக் கண்டு மூக்கைப் பொத்தினோம்.

அவனுடைய தந்தையார் பனையேறிச் சீவுந் தொழிலாளி. பருவகாலத்தில் அவன் விடியுமுன் தந்தையோடு பனையடிக்குப் போவான். இறக்கிய கள்ளைச் சேர்ப்பிக்கவேண்டிய இடத்திற் சேர்ப்பித்துவிட்டு, அப்படியே பள்ளிக்கூடம் வருவான். சிலநாள் மணியடித்த பின்னரே வருவான். வகுப்பிலே தமிழுக்கு முதற்புள்ளி எடுப்பவன் நான். செய்யுள் கட்டத் தெரியும் என்னுஞ் செருக்கும் எனக்கு இருந்தது. ஒருநாட் காலை, அவன் வருமுன்னே, கரும்பலகையில் நாலடி எழுதிவைத்தேன். அதற்குத் தலைப்பு ‘புளிச்சல்’. அந்த அடிகளை இங்கே எழுதமாட்டேன். யாப்பும் பிழை, பொருளும் பிழை. எழுதியவன் யாரென்று ஆசிரியர் வினவினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெயர் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. தந்தையார் பனையால் விழுந்துவிட்டார் என்றனர். அவ்வளவுதான் என்று நானும் இருந்துவிட்டேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஊரே பெயர்ந்தபோது யார் எங்கே போனார் என்று எவருக்குந் தெரியாமற் போயிற்று.

2023ஆம் ஆண்டு செப்ரெம்பரில், இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்திலே குடியிருக்கும் என் அக்காவைக் காணச் சென்றிருந்தேன். அப்பொழுது இலண்டனில் நடைபெற்ற பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் போகும் வாய்ப்பு நேர்ந்தது. வாயிலிற் பெயர் பதிந்துகொண்டிருந்தவரிடம் ஒருவர், “நான் ஒன்பதாம் வகுப்போடை நிண்டவன், என்னையும் பழைய மாணவன் எண்டு பதியலாமோ?” என்று கேட்டுக்கொண்டு நின்றார். குரலைக்கொண்டு நான் இனங்காணவில்லை. அவனே என்னைக் கண்டு, “நீ வாத்தியாராம் எண்டு கேள்விப்பட்டனான்” என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

முதலிற் பெற்றோல் நிலையத்தில் இராக்காவல். பின்னர் சிறிய பியர்ச்சாலையொன்றிற் பீப்பாய் கழுவும் வேலை. இப்பொழுது அந்தச் சாலையிலே பியர் வடிக்கும் பொறுப்பே அவனுடையது. இதனைச் சொல்லும்போது என் முகத்தை அவன் ஒருமுறை பார்த்தான். வாத்தியார் முகஞ் சுளிக்கிறாரோ என்று பார்த்தான்போலும். “சனிக்கிழமை விடிய ஹொப்ஸ் தெரியப் போறன். வாறியே?” என்றான். வருகிறேன் என்றேன். அதற்குக் காரணம் பூவன்று என்பது எனக்குத் தெரியும்.

ஹொப்ஸ் என்பது யாதென அறியாதார் நம்முட் பலர் இருப்பர். நானும் அன்றுவரை அறியேன். அது ஒரு கொடியின் பெண்பூ. பனையைப்போல இக்கொடியிலும் ஆண் வேறு, பெண் வேறு. பனையில் இரண்டையும் சீவலாம். இங்கே பெண்கொடியின் பூவே வேண்டப்படுவது. பூவென்றால் மல்லிகைபோல எண்ணற்க. சிறுவிரலின் ஒரு கணுவளவினதாய், மெல்லிய பச்சைச் செதில்கள் ஒன்றன்மேலொன்று அடுக்கிய கூம்பு அது. அச்செதில்களின் அடியிலே மஞ்சட்டூள் போன்ற பிசின் உண்டு. லூப்புலின் என்பர். பியரின் கசப்பும் மணமும் அத்தூளிலேதான் இருக்கின்றன. தாவரவியலார் கணக்கின்படி இது கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அவன் சொன்னபோது நான் ஓரடி பின்னிட்டேன். “பயப்பிடாதை, உதிலை அந்தச் சாமான் இல்லை” என்று சிரித்தான்.

பவர்ஷாமுக்கும் கன்ரர்பரிக்கும் இடைப்பட்டதொரு தோட்டம். ஆறு மணிக்குச் சற்று முன்னர் அங்கே சேர்ந்தோம். பனி புல்லின்மேல் நின்றது. வரிசை வரிசையாக உயர்ந்த கம்பங்கள். அவற்றின் தலைகளை இணைத்துக் கம்பிகள். கம்பியிலிருந்து தரைவரை கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் ஏறக்குறைய ஐந்து மீற்றர் உயரத்துக்குக் கொடி வலஞ்சுழியாகச் சுற்றி ஏறியிருந்தது. அக்கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தென்னந்தும்பிற் திரித்த கயிறு! தென்னையின் நிழலும் விழாத நாட்டிலே அதனைக் கண்டபோது, வழியில் ஊரார் ஒருவரைக் கண்டாற்போல இருந்தது.

இக்கொடி ஏப்பிரிலிலே தளிர்த்து, பகல் மிக நீண்டிருக்கும் ஜூன் மாதத்துக்குள் உச்சிக் கம்பியைத் தொட்டு, பகல் குறுகத் தொடங்கியதும் பூக்கும். ஓகஸ்ற் இறுதியிலே முதிரத் தொடங்கும். செப்ரெம்பர் முழுவதும் அறுவடை. நீண்ட கோடைப்பகலும் உறங்குதற்குக் குளிர்காலமும் அதற்கு வேண்டும். பகலும் இரவும் ஏறக்குறைய ஒப்ப நிற்கும் நம் நாட்டில் அது செழித்துக் காய்ப்பதில்லை. பனை அங்கே வாழாது. இது இங்கே வாழாது.

கென்ற் மாவட்டத்துக்கும் இப்பூவுக்கும் உள்ள தொடர்பு பழையது. ஐரோப்பாக் கண்டத்தின் தாழ்நாடுகளிலிருந்து வந்த இக்கொடியை 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கே பயிரிடத் தொடங்கினர். 1878இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 72,000 ஏக்கரில் ஹொப்ஸ் நின்றதாம். இன்று நிற்பது அதில் மிகச் சிறிய பங்கே. அறுவடைக்காலத்தில் இலண்டனின் கிழக்குப்பகுதி ஏழைக்குடும்பங்கள், தாயும் பிள்ளைகளுமாகப் புகைவண்டியேறி வந்து, தோட்டத்துக் குடில்களிலே தங்கிப் பூப்பறித்தன. அவர்களுக்கு அதுவே ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் நாட்டுப்புறக் காற்று. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1931இல் அவர்களோடு நின்று பறித்து அதைப்பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். 1950களிலும் 1960களிலும் பறிக்கும் இயந்திரம் பரவ, அக்கூட்டம் வராதொழிந்தது. கூம்புக் கூரையும் அதன்மேல் வெள்ளைத் தொப்பியுமாகச் சில கட்டடங்கள் அம்மாவட்டமெங்கும் நிற்கின்றன. அவை ஓஸ்ற் எனப்படும் உலர்த்துங் கூடங்கள். பல இப்பொழுது பணக்காரரின் வீடுகள்.

பறித்த பூவில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். அதனைச் சூடேற்றிப் பத்துப் பங்களவுக்கு உலர்த்திவிட்டால் ஆண்டு முழுதும் வைத்துப் பயன்படுத்தலாம். உலகிற் காய்ச்சப்படும் பியரிற் பெரும்பகுதி உலர்ந்த பூவினாலேயே ஆவது. ஆனால் அறுவடை நடக்கும் சில வாரங்களில் மாத்திரம், உலர்த்தாத பச்சைப்பூவையே இட்டு இலையுதிர்காலப் பியர் ஒன்று செய்கிறார்கள். பூவைக் கொடியிலிருந்து பிரித்து ஒருநாள் கடக்குமுன்னே, இயன்றால் அரைநாளுக்குள், கொதிக்குங் கொப்பரையிற் சேர்த்துவிடவேண்டும். தாமதித்தால் பூ மூட்டைக்குள்ளேயே அவிந்து கெட்டுவிடும்.

“உலர்ந்த பூ பனங்கட்டி மாதிரி; பச்சைப்பூ கருப்பநீர் மாதிரி” என்றான் நண்பன். இருபது வாக்கியத்திலே நான் விளக்கியிருக்கக்கூடியதை இரண்டிலே முடித்துவிட்டான்.

தோட்டக்காரர் எங்களை முதலிற் கொட்டகையின் ஓரத்துக்கு அழைத்துச் சென்றார். முதல்நாள் மாலை பறித்த பூ ஐந்தாறு மூட்டை நின்றது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். வாயைப் பிரித்துப் பார்த்தேன். பூக்கள் பச்சைப் பசேலென்று அழகாகவே இருந்தன. நண்பன் பார்க்கவில்லை. சட்டைக்கையை மடித்துவிட்டுத் தோள்மட்டும் மூட்டைக்குள்ளே கையை விட்டான். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து என் கையில் வைத்தான். அது இளஞ்சூடாக இருந்தது. முகர்ந்தேன், மழையில் நனைந்த வைக்கோற்போரின் உள்மணம். அவன் தோட்டக்காரருக்குத் தலையசைத்து நன்றி சொல்லி, வேண்டாமென்றான். பேரம் பேசவில்லை. தோட்டக்காரரும் வற்புறுத்தவில்லை. அவன் கை உள்ளே போனபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பின்னர்க் கொடி வெட்டாத இரண்டு பாத்திகளைக் காட்டினார். இரண்டும் கோல்டிங்ஸ் என்னும் பழைய இனம். ஒன்று மேட்டுச் சரிவில். மற்றது பள்ளத்தில், ஓடைக்கு அருகே. பள்ளத்துப் பூ பெரிதாய், ஈரப்பசுமையாய் நின்றது. மேட்டுப் பூ சற்றுச் சிறியது. நுனிகளிலே வெளிறிய மஞ்சள் ஓடியிருந்தது. எதைத் தெரியலாம் என்று என்னைக் கேட்டான். சந்தையிற் கீரை தெரிந்து பழகிய நான், பள்ளத்துப் பூவைக் காட்டினேன்.

“கண்ணாலை தெரியாதை” என்றான்.

பிறகு அவன் செய்ததை எழுத்திலே தருதல் எளிதன்று, ஆயினும் முயல்கிறேன். முதலிற் பூவை விரல்களுக்கிடையே மெல்ல அழுத்தினான். பள்ளத்துப் பூ அழுத்தியபடியே நசுங்கி நின்றது. மேட்டுப் பூ அழுத்தம் விட்டதும் மீண்டு விரிந்தது. அதனைக் காதருகே பிடித்து உருட்டினான். மெல்லிய கடதாசி உரசுவதுபோன்ற ஓசை கேட்டது. முதிர்ந்த பூ பேசும் என்றான். அடுத்து நகத்தால் நெடுகப் பிளந்தான். பள்ளத்துப் பூவிற் தூள் அரிதாய், வெளிறிய நிறமாயிருந்தது. மேட்டுப் பூவின் தண்டோரம் முழுவதும் நல்ல மஞ்சளாகத் தூள் திரண்டிருந்தது. விரலில் எடுத்தால் ஒட்டியது. அது செம்மஞ்சளாகி மண்ணிறம் ஏறத் தொடங்கினாற் பருவம் தப்பிவிட்டது என்று பொருள். செதில் ஓரங்கள் கருகியிருந்தால் காற்றடித்தது. உள்ளே கரிபோலப் படிந்திருந்தால் பேன் விழுந்தது. வெள்ளைப் பொடி கண்டால் பூஞ்சணம். இவற்றையெல்லாம் அவன் பாடஞ் சொல்வதுபோலச் சொல்லவில்லை. கொடிக்குக் கொடி நடந்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என மூன்றிடத்துப் பறித்துப் பிளந்தபடியே சொன்னான். ஒரு பூவைப் பார்த்துத் தோட்டத்தை விலைபேசுகிறவர்கள் உண்டு. அவன் நாற்பது பூவாவது பிளந்திருப்பான்.

இறுதியிலே ஒரு கைப்பிடி பூவை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடேறும்வரை தேய்த்து, கைகளைக் கூப்பியவாறே என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“என்ன மணக்குது?”

பள்ளத்துப் பூ வெட்டிய புல்லாய் மணத்தது. மேட்டுப் பூ அப்படியன்று. முதலில் நாரத்தை இலையைக் கசக்கினாற்போன்ற வாசம், அதன்பின்னே தேன், கடைசியில் மிளகோ ஈரமண்ணோ எனத் துணிய முடியாத ஒன்று. நான் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தான். “இன்னும் பத்துநாள் விட்டால் உள்ளி மணக்கும். அப்ப ஒண்டுக்கும் ஆகாது” என்றான்.

இந்த மூக்கை எங்கே பெற்றாய் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். சிறுவயதில், தந்தையார் இறக்கிய முட்டியைக் கீழே நின்று வாங்குவது இவன் வேலை. எந்த முட்டி எந்தப் பனையினது, சுண்ணாம்பு போதுமா குறைவா, வெயில் ஏறுமுன் கொடுத்துவிடவேண்டியது எது, மதியம்வரை தாங்குவது எது என்பதையெல்லாம் வாயில் வைக்காமல் முகர்ந்தே சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னால் அன்றைய கூலி குறையும். இங்கிலாந்துப் பியர்ச்சாலையிற் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒருநாள், கெட்டுப்போன பீப்பாயொன்றை மற்றவர்கள் திறந்து சுவைக்குமுன்னே இவன் முகர்ந்து சொல்லிவிட்டானாம். அன்றைக்கே அவனை உள்வேலைக்கு எடுத்தார்கள்.

அப்போது நான் அறியாத வேறொன்றையுஞ் சொன்னான். ஹொப்ஸ் பியருக்கு வந்தது மணத்துக்காக மாத்திரமன்று, புளியாமற் காப்பதற்கு. கள்ளோ பியரோ, இனிப்பை மதுவாக்குவது மதுவம். அதைப் புளிக்கச் செய்வது வேறொருவகைப் பற்றீரியா. ஹொப்ஸின் கசப்பு அப்பற்றீரியாவைத் தடுக்கும். இப்பூ வருமுன் ஆங்கிலேயர் குடித்த பழைய மது சிலநாளிற் புளித்துவிடும். பூவிட்டது மாதக்கணக்கிற் தாங்கும். நம்மவர் முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசிக் கருப்பநீரைக் காப்பதும் இதுபோன்றதொரு காவலே.

“புளிச்சல்” என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. ‘புளிப்பு’ என்றே சொன்னான். ஆயினும் எனக்குச் செவி சுட்டது.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. மேட்டுப் பாத்தியின் கொடிகளை அடியிலும் தலையிலும் அறுத்து இழுவைவண்டியிற் கிடத்தி வந்து, கொட்டகையின் கொக்கிகளில் தலைகீழாக மாட்டினார்கள். இலையும் பூவும் பிரிந்து பூ மாத்திரம் பட்டியில் ஓடி வந்தது. முப்பது கிலோ நிறுத்து மூன்று பெருஞ்சாக்குகளில் தளர்வாக இட்டோம். எண்ணூறு லீற்றர் காய்ச்சுவதற்கு இவ்வளவு ஏன் என்று கேட்டேன். உலர்ந்தது ஐந்து கிலோ போதுமாம். பச்சையில் தண்ணீரே பெரும்பகுதியாதலால் ஏறக்குறைய ஆறு மடங்கு வேண்டும். கசப்புக்கு மாத்திரம் சென்ற ஆண்டின் உலர்பூவையே முதலில் இடுவான். அதன் கசப்பின் அளவு ஆய்கூடத்திற் கண்டு பையிலேயே எழுதியிருக்கும். பச்சைப்பூவுக்கு அந்தக் கணக்கு இல்லை. அது மணத்துக்காகக் கடைசியிற் சேர்வது. நெடுநேரம் ஊறவிட்டால் கீரை அவித்த நீர்போலாகிவிடும். எவ்வளவு நேரம் என்பதற்கும் அவனிடம் எண் இல்லை; அவன் மூக்குத்தான் உண்டு.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அம்மாவட்டத்தில் வை என்னும் ஊரில் ஒரு வேளாண்மைக் கல்லூரி இருந்தது. 2009இல் மூடிவிட்டார்கள். அங்கே பேராசிரியர் சால்மன் என்பார் 1906 தொடக்கம் ஹொப்ஸ் இனங்களைக் கலந்து புதியன ஆக்கினார். கனடாவின் மனிற்றோபாவிலிருந்து வந்த ஒரு காட்டுக்கொடியை அவர் உள்ளூர்க் கொடியோடு சேர்த்து உண்டாக்கிய இனமொன்றை 1934இல் வெளியிட்டார். அதன் மணம் நம் மணமன்று, அமெரிக்க மணம் என்று ஆங்கிலப் பியர்காரர் மூக்கைச் சுளித்தனர். இன்றோ உலகெங்கும் பயிராகும் கசப்பு மிகுந்த ஹொப்ஸ் இனங்களிற் பல அந்தக் காட்டுக்கொடியின் வழி வந்தவை. வண்டியேறுமுன் நண்பன் சொல்லக் கேட்டது இது. எதனையோ மனத்திற் கொண்டு சொன்னானோ, பேச்சுக்குச் சொன்னானோ, அறியேன்.

சாக்குகள் வண்டியின் பின்புறத்தே இருந்தன. வண்டி முழுவதும் அந்த நாரத்தை வாசம். பெருந்தெருவுக்கு ஏறியதும், முப்பத்தொரு ஆண்டாகச் சொல்லாதிருந்ததைச் சொன்னேன்.

“அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.”

அவன் தெருவைப் பார்த்தபடியே, “தெரியும்” என்றான்.

“எப்போது தெரிந்தது?”

“அண்டைக்கே. ழகரத்தின்ரை காலை உப்பிடி நீட்டி வளைச்சு எழுதுறவன் வகுப்பிலை நீ ஒருத்தன்தான். நாலடியிலை அஞ்சு ழகரம் கிடந்தது.”

நான் இன்றைக்கும் ழகரத்தை அப்படியே எழுதுகிறேன். என் மாணவரையும் அப்படி எழுதப் பழக்கியிருக்கிறேன்.

“அப்படியானால் ஏன் ஆசிரியரிடம் சொல்லவில்லை?”

“சொன்னால் உனக்கு நாலு அடி விழும். பெயர் போகுமே?” சிறிதுநேரம் பேசாமல் ஓட்டினான். “அப்பா விழுந்தது அந்த மாசந்தான். ஆனால் நான் வராமல் விட்டது அதாலை மட்டும் இல்லை.”

பிழை என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். சொல்லும்போதே அச்சொற்கள் மிகச் சிறியனவாய்த் தோன்றின. பயிற்சிக் கலாசாலையிலே பிள்ளைகளின் உளவியலை இரண்டு ஆண்டு படித்துப் பத்திரமும் பெற்றவன் நான். அப்பாடங்களில் ஒன்றும் அவ்விடத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை. அவன் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

“நேரமென்ன?”

“ஒன்பதே கால்.”

“பத்துக்குள்ளை கொப்பரை கொதிக்கும். பின்னாலை எட்டிச் சாக்கின்ரை வாயை நல்லாத் திறந்து விடு. கையை விட்டுக் கிளறிக்கொண்டு வா. சூடேறப்படாது.”

வழிநெடுக அதனையே செய்தேன். ஒரு சாக்கிலிருந்து மறு சாக்குக்கு, தோள்மட்டுங் கையை விட்டு, அடியிலுள்ளதை மேலும் மேலுள்ளதை அடியுமாகக் கிளறிக்கொண்டிருந்தேன். இடையில் ஒருமுறை “சூடு இருக்கே?” என்று கேட்டான். இல்லையென்றேன். “நடுவிலை பார்” என்றான். நடுவிலும் இல்லை.

பியர்ச்சாலையில் முளைகட்டிய பார்லியின் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. உலர்பூவை அவன் ஒரு மணிநேரத்துக்கு முன்னரே இடச்சொல்லியிருந்தான். கொதி அடங்கியதும் சாக்குகளைக் கவிழ்த்தோம். அவ்வளவு பச்சையும் ஒரு நொடியிற் சோர்ந்து மூழ்கியது. பின்பு அவன் கொப்பரையின் விளிம்பிற் குனிந்து நின்றான்; கடிகாரத்தைப் பார்க்கவில்லை. போதும் என்று கையுயர்த்தியதும் வாயிலைத் திறந்து சாற்றை வடித்தார்கள்.

மதுவம் சேராத சாறு மதுவன்று; அதனால் ஒரு கோப்பையில் ஒரு மிடறு எனக்குத் தந்தான். முதலில் இனிப்பு. விழுங்கிய பின்னரே வேப்பம்பூவின் கசப்பு நாவின் அடியில் ஏறி, நெடுநேரம் நின்றது. மூன்று வாரத்தின் பின்னர் பியர் ஆயத்தமானதும் செய்தி அனுப்பினான். அப்போது நான் ஊரில், ஒன்பதாம் வகுப்பின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அக்கா வீட்டுவாசலில் என்னை இறக்கிவிட்டுப் போனான். கதவைத் திறந்த அக்கா இரண்டடி பின்னே போய், “என்னடா உது மணம்? எங்கை போய்ப் பிரண்டுபோட்டு வாறாய்?” என்றாள். சட்டையை வாசலிலேயே கழற்றச் சொன்னாள். சட்டை ஒரு தோய்ப்பிற் சரியாயிற்று. உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் ஏறியிருந்த ஹொப்ஸ் பிசின் கறுத்துப்போய், நான் விமானமேறும்வரை சவர்க்காரத்துக்கும் போகவில்லை.